காரைக்குடிப் பக்கம் தூண்டில் ரீல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் போட்டிருக்கும் ‘18 கிலோ டிராக்’

மழை பெய்து கண்மாய்களில் தண்ணீர் ஏறியதும் தூண்டில்காரர்கள் கூட்டமும் ஏறிவிட்டது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பையன்கள் பலர் முதல் ரீல் வாங்கக் காரைக்குடிக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் இந்தச் சாமான் சிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

கறுப்பும் சிவப்பும் கலந்த ஸ்பின்னிங் ரீல், 4000 அளவு, முன்பின் கேள்விப்படாத பெயர். பெட்டியில் ‘18 கிலோ டிராக், கார்பன் டிஸ்க், 13+1 பேரிங், ஸ்க்ரூ-இன் ஹேண்டில்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருக்கும். 3,400 ரூபாய் வாங்கினார்கள். “கண்மாயில விராலும் தூக்கலாம், தொண்டிக் கடலுக்கும் கொண்டு போகலாம்ணே. துருவே புடிக்காது” என்றார் கடைக்காரர். துருவை ஆராய்வதைத் தன் வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கும் மின்வேதியியல் ஆய்வகம் 1953-லேயே திறந்த ஊர் காரைக்குடி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பெட்டியில் இருந்த நான்கு வாக்குறுதியில் ஒன்றுகூட உண்மை இல்லை. டிராக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதலில் காலை வாரியது அதுதான்.

டிராக் என்பது, நரம்பு (தூண்டில் நூல்) சுற்றியிருக்கும் ஸ்பூலோடு இருக்கும் பிரேக். மீன் ஓடும்போது நரம்பு அறுந்துவிடாமல், ஒரே சீராக வழுக்க விடுவது அதன் வேலை. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு, பத்திரமாக வேண்டுமென்றால் நான்கில் ஒரு பங்கு என்று வைத்து இறுக்குவார்கள். 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) என்றால் சுமார் 9 கிலோ தாங்கும். டிராக் இரண்டரை, மூன்று கிலோவில் நின்றால் போதும். அப்புறம் 18 கிலோ எதற்கு? பெயர் பெற்ற ஜப்பான் கம்பெனிகளே 4000 அளவு ரீலுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 கிலோவரைதான் போடுகின்றன. பெட்டியில் எண் பெரிதாக இருப்பது நமக்காக அல்ல, கடைக்காரர் வாய்க்காக.

தொண்டியில் தெரிந்தவரின் வள்ளத்தில் போயிருந்தோம். நல்ல பாறை மீன் ஒன்று இரையை எடுத்தது. நரம்பு ஓட வேண்டிய நேரத்தில் ஸ்பூல் பிடித்துக்கொண்டு நின்றது, பிறகு திடீரென்று விட்டது, மறுபடி பிடித்தது. இரண்டாவது பிடியிலேயே முடிச்சில் அறுந்துவிட்டது. வள்ளக்காரர் வாழ்நாள் முழுக்கக் கைத்தங்கூசியிலேயே (ரீல் இல்லாமல் கையால் இழுக்கும் நரம்பு) மீன் பிடித்தவர். “என் விரல்ல இருக்கற பிரேக்கு உன் டப்பாவுல இல்லையே மருமகனே” என்றார். சரியாகத்தான் சொன்னார். விரலிடுக்கில் நரம்பை விட்டுக் கொடுத்து இழுப்பவருக்கு, நின்ற நிலையிலிருந்து அது நகரும் அந்த முதல் நொடிதான் அறுக்கும் என்று தெரியும். எந்த பிரேக்கும் நிற்கும்போது கொஞ்சம் கூடுதலாகவும், வழுக்கத் தொடங்கியதும் குறைவாகவும் பிடிக்கும். நல்ல ரீலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தேன். முழுக்க இறுக்கினால் 5 கிலோவுக்கு மேல் போய் ஒரு குலுக்கலோடு விடுகிறது. ஓடும்போது 2 கிலோதான். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலில் சுற்று சிறுத்துவிடும். டிராக்கை இறுக்கும் குமிழைத் தொடாமலேயே இழுவை கூடும். சுற்றின் விட்டம் பாதியானால் இழுவை இரண்டு மடங்கு. தொடக்கத்திலேயே குலுக்கும் டிராக், நீண்ட ஓட்டத்தில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூலுக்குள் கம்பி வளையத்தை எடுத்துப் பார்த்தால், டிராக்கில் உராய்ந்து பிடிக்க வேண்டிய ‘கார்பன் டிஸ்க்’ என்பது கறுப்புச் சாயம் ஏற்றிய மெல்லிய கம்பளித் துணி வட்டம். விரலில் மை ஒட்டியது. கம்பளி வட்டம் என்பதால் மட்டமில்லை. எண்ணெய் ஊறிய நல்ல கம்பளி, சிறிய மீனுக்கும் மெல்லிய நரம்புக்கும் அருமையாக வழுக்கும். ஆனால் சூடு தாங்காது, ரொம்ப இறுக்கினால் நசுங்கிப் போகும். கார்பன் அப்படியில்லை, சூட்டைத் தாங்கும், இறுக்கினாலும் சீராக ஓடும். இவர்கள் கார்பன் விலைக்குக் காய்ந்த கம்பளியை, அதுவும் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் விற்றிருக்கிறார்கள்.

அதே கடையில் என் மச்சானுக்குப் பின்பக்கம் குமிழ் வைத்த ரீலைத் தள்ளப் பார்த்தார்கள், “கடலுக்குன்னே செஞ்சது” என்று. மீன் இழுக்கும்போதே திருப்ப வசதி என்பது உண்மைதான். ஆனால் அதில் வட்டங்கள் சிறியவை, ஸ்பூலின் தண்டைத்தான் பிடிக்கின்றன. முன்பக்க டிராக்கில் பெரிய வட்டங்கள் நேரே ஸ்பூலிலேயே உட்காரும். கடல் மீனுக்கு முன்பக்கம்தான் என் ஓட்டு.

ஹேண்டில் கதை கண்மாயில் நடந்தது. குத்தகைதாரரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம். விரால் பிடிப்பது வேறு வகைச் சண்டை. ரப்பர் தவளையை அல்லி இலைமேல் ஓட்டி, அது அடித்ததும் கொடிக்குள் புகுவதற்குள் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். அங்கே டிராக்கை இறுக்கிவிடுவோம்; பாரம் முழுக்க ஹேண்டிலுக்கும் பல்சக்கரத்துக்கும் போகிறது. உண்மையான ஸ்க்ரூ-இன் ஹேண்டிலில் மரை நேராகப் பல்சக்கரத்துக்குள் ஏறி உட்காரும், ஆட்டம் இருக்காது. இதிலோ அடிப்பாகத்தில் மரை மாதிரி ஒரு அலங்கார வளையம் மட்டும். உள்ளே இருப்பது அறுகோணக் கம்பி. எதிர்ப்பக்கத்துச் சின்ன ஸ்க்ரூதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பியின் மூலை மழுங்கி, ஹேண்டில் கால் சுற்று சும்மா ஆடியது. அந்தக் கால் சுற்றில் விரால் கொடிக்குள் போய்விட்டது.

கம்பி நுழைக்கும் ஹேண்டில் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. விலை குறைவு, எந்தப் பக்கமும் மாட்டலாம். கெண்டை, ஜிலேபி பிடிக்க அது போதும். அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்கட்டும்.

13+1 பேரிங் பற்றிச் சுருக்கமாக: திறந்து பார்த்தால் உருளும் பேரிங் விரல்விட்டு எண்ணினாலே முடிந்துபோகிறது, மற்ற இடமெல்லாம் உருளாத பிளாஸ்டிக் வளையம் (புஷ்). நரம்பு ஓடும் உருளை, நல்ல தண்ணீரில் கழுவி வைத்தும் இறுகிவிட்டது.

ரீலோடு கடைக்குப் போனால், “ஸ்பூலக் கழட்டிட்டீங்கண்ணே, வாரண்டி போச்சு” என்கிறார். ஸ்பூல் கையால் கழற்றுவதற்கென்றே செய்த பாகம்! நரம்பு மாற்ற ஸ்பூலைக் கழற்றாமல் எப்படி? “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற பலகையைக் காட்டினார். பில்லும் கிடையாது, ‘எஸ்டிமேட்’ என்று துண்டுச் சீட்டில் ‘சாமான் – 1’. அந்தச் சீட்டையும் பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வைத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் முறையற்ற வணிகம்தான். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கு. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. நாலு ரப்பர் தவளை தருகிறேன் என்றார். வேண்டாம் என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் கல்லாவிலேயே பார்க்கலாம். ஆத்தங்குடித் தரைக்கல்லைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காத ஊர் நம்முடையது, ரீலுக்கு மட்டும் என்ன கூச்சம்? சுழலும் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஆட்டுங்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்: ஸ்க்ரூ-இன் என்றால் ஹேண்டிலையே பின்னோக்கிச் சுற்றினால் கழன்று வரும், எதிர்ப்பக்கத்தில் வெறும் தூசி மூடிதான் இருக்கும். தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் 2 கிலோவில் டிராக்கை வைத்து இழுங்கள். முள் குதித்து இறங்கினால் ரீலைக் கீழே வைத்துவிடலாம். ஸ்பூலைத் திறக்க விடாத கடையில் நான் இனி வாங்குவதாக இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இறக்குமதிச் சாமான் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை எல்லாம் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிப்படி பெட்டியில் இருக்க வேண்டும். இதில் முகவரியே இல்லை, விலை ஸ்டிக்கர்மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மேல் ஸ்டிக்கரை உரிக்காமல், அப்படியே படம் எடுத்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 5 லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.