மார்த்தினிக்கில் கேப்டனோடு வாடகைக்குக் கிடைக்கும் பாய்மரப் படகு: ஒரு மதிப்பீடு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு மார்த்தினிக் அந்நிய நாடு அல்ல. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே இருந்துவரும் அந்தக் கரீபியன் தீவுக்குப் பாரிசிலிருந்து உள்நாட்டு விமானம் ஏறுவது போலவே ஏறிவிடலாம். அங்கே லெ மாரென் என்ற ஊரில், பாய்மரப் படகுகளைக் கேப்டனோடு சேர்த்து வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல உள்ளன. குருசுக்குப்பத்துக்காரர்களான நாங்கள் அவற்றில் ஒன்றின் படகில் பக்கத்துத் தீவு நாடான செயின்ட் லூசியாவின் ராட்னி பே துறைமுகத்துக்குப் போய், திரும்பும்போது மார்த்தினிக்கின் வடமேற்கிலுள்ள சேன் பியேரில் நங்கூரமிட்டோம். படகைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாய்கள் நல்ல நிலையில் இருந்தன, படுக்கையறைகள் புழுங்கின, குளிக்கும் தண்ணீர் அளவோடுதான். கொடுத்த பணத்தின் மதிப்பு, புதிய துறைக்குள் நுழையும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தெரிந்தது.

ராட்னி பேயின் படகுத்துறை, கடலிலிருந்து உள்ளே செல்லும் குறுகிய கால்வாய்க்கு அப்பால் ஒரு காயலில் இருக்கிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கடலிலிருந்து துறைக்குள் வரும் படகுக்கு வழிகாட்டும் சிவப்பு அடையாளம் இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியனிலும் இது நேர் தலைகீழ். தூலோனில் பிரெஞ்சுக் கடற்படையில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பாவே, "தம்பி, பச்சை இடப்பக்கம் வருதே, இவர் வழி தவறிப் போறாரா?" என்று என் காதருகே கேட்டார். கேப்டன் வரைபடத்தை எடுத்து வந்து, பெரியப்பாவுக்குப் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார்.

உள்ளே போனதும், நாட்டுக்குள் நுழைய அனுமதி கோரும் மஞ்சள் கொடி ஏற்றப்பட்டது. சுங்கம், குடிவரவு, துறைமுகம் ஆகிய மூன்று மேசைகளிலும் வேலை முடியும்வரை கேப்டனைத் தவிர வேறு யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. இதையோ, செயின்ட் லூசியாவில் கட்ட வேண்டிய கட்டணங்கள் வாடகையில் சேராதவை என்பதையோ நிறுவனம் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது என் முதல் குறை.

சேன் பியேரில் நங்கூரமிடுவதுதான் உண்மையான சோதனை. கரையை ஒட்டி ஒரு சிறு திட்டு மட்டுமே ஆழம் குறைந்தது. அதைத் தாண்டினால் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. பெலே எரிமலை 1902 மே 8 அன்று வெடித்து நகரையே அழித்தபோது மூழ்கிய கப்பல்களும் அடியில் கிடப்பதால், நினைத்த இடத்தில் நங்கூரத்தை வீச முடியாது. (1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய கப்பல்கள் மார்த்தினிக்கில் வந்து நின்ற துறை இது என்பதால், பெரியப்பா அன்று வெகுநேரம் மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை.) கேப்டன் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட்டு, இன்ஜினைப் பின்னோக்கி இயக்கி, தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் மலைச்சரிவில் நின்ற ஒரு மரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் கோபுரத்தை விட்டு மெல்ல விலகியதுமே நங்கூரம் இழுபடுவது தெரிந்துவிட்டது. சங்கிலி சுருட்டும் மின்பொறியின் பொத்தான் அந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டதால் கையாலேயே சுற்றி மேலே ஏற்றி, கரைக்குச் சற்று அருகில் மறுபடியும் போட்டார். பிறகு முகக்கண்ணாடி அணிந்து நீரில் குதித்து, நங்கூரம் மணலில் புதைந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பின்தான் மதிய உணவுக்கு உட்கார்ந்தார். கேப்டனுக்கு ஐந்துக்கு ஐந்து. பழுதான பொறியோடு படகை அனுப்பிய நிறுவனத்துக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

பிரெஞ்சுத் தீவுகளில் வருகைப் பதிவு எளிது; குறிப்பிட்ட சில கடைகளிலோ அலுவலகங்களிலோ உள்ள கணினியில் விவரங்களைத் தட்டச்சு செய்து அச்சிட்டால் முடிந்தது.

புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதால், டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் பதிவு செய்யுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள், ஐரோப்பிய நாடுகளுக்கான சாதாரண ஷெங்கன் விசா மார்த்தினிக்குக்குத் தானாகச் செல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். தீவுகளுக்கு இடைப்பட்ட கடலில் அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் தூக்கிப்போடும். குமட்டலுக்கான மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்வது நல்லது.