ரஸ்ட் ப்ரோகிராமிங் மொழியில் கோப்புகளை அழிப்பது: எந்த ஃபங்ஷனை நம்பலாம்?

போன மாதம் நான் எழுதிய ப்ரோகிராம் ஒன்று தன் கேஷ் ஃபோல்டர் முழுவதையும் துடைத்துவிட்டது. பயனர் பெயரை அந்த ஃபோல்டரின் அடிப்பாதையோடு ஜாயின் செய்து (இணைத்து), அந்தத் துணை ஃபோல்டரை மட்டும் அழிக்கச் சொல்லியிருந்தேன். பெயர் காலியாக வந்தது. காலி ஸ்ட்ரிங்கை ஜாயின் செய்தால் ரஸ்ட் முணுமுணுக்காது; அடிப்பாதையையே கடைசியில் ஒரு சாய்கோட்டோடு திருப்பித் தரும். லினக்ஸில் இன்னொன்றும் உண்டு: சேர்க்கும் துண்டே சாய்கோட்டில் தொடங்கினால் அடிப்பாதை காணாமல் போய், அந்தத் துண்டு மட்டும்தான் மிஞ்சும்.

வெட்டியது ரிமூவ்_டிர்_ஆல், ஃபோல்டரை உள்ளிருப்பவற்றோடு சேர்த்து அழிக்கும் ஃபங்ஷன். உள்ளே என்ன இருந்தாலும் கேள்வி கேட்காது. பாதி வேலையில் அனுமதி இல்லாத கோப்பு ஒன்று மாட்டினால் பிழையோடு நின்றுவிடும். அதுவரை அழித்தது அழித்ததுதான். சிம்லிங்க் (வேறொரு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) குறுக்கிட்டால் லிங்க்கை மட்டும் எடுக்கும், அது காட்டும் இடத்தைத் தொடாது. ஆனால் ஃபோல்டர்தானா என்று சோதிப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே ஒருவர் அங்கே சிம்லிங்க்கை மாற்றி வைத்துவிட முடிந்தது. ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தில் ஓடும் ப்ரோகிராமை ஏமாற்றி, வேறு இடத்தை அழிக்க வைக்கவும் முடிந்தது. 2022 ஜனவரியில் வந்த 1.58.1 பதிப்பில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பழைய கம்பைலர் வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிமூவ்_டிர் இதற்கு நேர் எதிர். ஃபோல்டர் காலியாக இல்லை என்றால் மறுத்துவிடும். பலருக்கு இது எரிச்சல்; எனக்கு இந்த மறுப்புத்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் கோப்புகள் என்னென்ன என்று தெரிந்தால், அவற்றை ஒவ்வொன்றாக ரிமூவ்_ஃபைலால் எடுத்துவிட்டு, கடைசியில் இதைக் கூப்பிடுவேன். நான் எதிர்பார்க்காத ஏதாவது உள்ளே கிடந்தால் பிழை வரும். அந்தப் பிழை அன்று வந்திருந்தால் என் கேஷ் தப்பியிருக்கும்.

ரிமூவ்_ஃபைல் லினக்ஸில் பெயரை மட்டும்தான் எடுக்கிறது. வேறொரு ப்ரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை டிஸ்க்கில் இடம் திரும்பாது. "அழிச்சாச்சே, ஏன் இன்னும் ஃபுல்?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பயனர் கண்ணெதிரே கோப்பை அழிக்கும் டெஸ்க்டாப் செயலி என்றால் இந்த மூன்றும் வேண்டாம், ட்ராஷ் என்ற க்ரேட் (ரஸ்டில் சேர்த்துக்கொள்ளும் நூலகம்) போதும். குப்பைத்தொட்டிக்கு நகர்த்தும், மீட்டுக்கொள்ளலாம். இடம் மட்டும் மிச்சமாகாது, ஆகவே சர்வரில் பயனில்லை.

தற்காலிக ஃபோல்டர்களுக்கு டெம்ப்ஃபைல் க்ரேட். வேரியபிளின் ஆயுள் முடிந்ததும் தானே அழித்துவிடும். அழிக்க முடியாமல் போனாலும் சத்தம் காட்டாது, பிழை தெரியவேண்டும் என்றால் க்ளோஸ் என்று நாமே கூப்பிட வேண்டும். நடுவில் ப்ராசஸ் எக்ஸிட் போட்டு வெளியேறினால் அந்த அழிப்பு நடக்கவே நடக்காது. என் மெஷினின் டெம்ப் ஃபோல்டரில் அப்படித் தங்கிப்போனவை இன்னும் கிடக்கின்றன.