தோளுக்குப் பின்னால் ஒரு குரல்

மனநலப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். துப்பறியும் கதையில் யாருக்காவது குரல் கேட்கிறது என்று வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். கடைசியில் அந்த ஆள்தான் கொலைகாரன் என்று முடித்துவிடுவார்கள். தாயும் மகனும் சேர்ந்து சார்லஸ் டாட் என்ற பெயரில் எழுதிய ‘எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ்’ (1996) நாவல் அப்படிச் செய்யவில்லை. இதில் குரல் கேட்பது இன்ஸ்பெக்டருக்கே.

கதை நடப்பது 1919இல். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறார் இன்ஸ்பெக்டர் இயான் ரட்லெட்ஜ். முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில், இனி முன்னேற மாட்டேன் என்று மறுத்த ஹேமிஷ் என்ற வீரனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றியவர். உடனே குண்டு விழுந்து எல்லாரும் மண்ணுக்குள். ஹேமிஷின் உடல்தான் இவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. அன்றிலிருந்து அவன் இவர் தோளுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருக்கிறான். செத்தவன் என்று தெரியும், ஆனாலும் இவர் பதில் சொல்கிறார். திரும்பி மட்டும் பார்ப்பதில்லை, நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். “பொய்னு தெரியும் சிஸ்டர், ஆனா பதில் சொல்லாம இருக்க முடியல” என்று என்னிடம் ஒருவர் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது.

வாரிக்‌ஷயர் கிராமத்தில் ஒரு கர்னல் கொலை. சந்தேகம், வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய கேப்டன் வில்டன் மேல். அவருக்கு எதிரான சாட்சி ஹிக்கம், போரில் மனம் சிதைந்து குடியில் கிடப்பவன். ஊரில் யாரும் அவன் பேச்சை மதிப்பதில்லை. ரட்லெட்ஜுக்கோ அவனைப் பார்த்தால், நாளைக்கு நானும் இப்படித்தானோ என்று நடுங்குகிறது. அவனை விசாரிக்கும் இடங்களை இரண்டு முறை படித்தேன். அவசரப்படுத்தாமல், மிரட்டாமல் கேட்கிறார். ஆனால் அவனோடு இருப்பதே அவருக்கு வேதனை.

குறையும் உண்டு. கொலையாளி யார் என்பது திடீரென்று வந்து விழுகிறது, முன்னால் போட்ட முடிச்சுகள் போதவில்லை. தண்டனைக் காட்சியிலும் அவசரம் தெரிகிறது. நிஜத்தில் அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனையைத் தலைமைத் தளபதி உறுதி செய்ய வேண்டியிருந்தது. விதித்த சுமார் 3,000 தண்டனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் நிறைவேறியது. கோழைத்தனம், ஓடிப்போனது போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். நாவல் வந்தபோது அதுவும் இல்லை.

அடுத்த பாகத்தையும் எடுத்துவிட்டேன். ஹேமிஷைப் பற்றி இந்த மனிதர் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும்.