நாலு பாட்டுக்கு 12,468 ரூபாய்: ஓபன் கிரவுண்ட் கச்சேரிக்கு டிக்கெட் போடுறவங்க இதப் படிச்சிட்டுப் போடுங்க

"நிகழ்ச்சி தொடங்கிய பின் எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது." டிக்கெட்டுக்கு அடியில எறும்பு சைஸ் எழுத்துல பதினோராவது பாயிண்டா இது இருந்துச்சு. நான் படிக்கல. நீங்களும் படிச்சிருக்க மாட்டீங்க.

போன அக்டோபர்ல மதுரைக்கு வெளிய பைபாஸ் பக்கம் ஒரு கிரவுண்ட்ல நடந்த கச்சேரி. பாடகர் பேரு வேணாம், அவரு மேல எனக்குக் கோவமும் இல்ல. எங்கம்மாவுக்கு 62 வயசு, கல்யாணத்துக்கு முன்னாடி இலங்கை வானொலியில அந்தக் குரலக் கேட்டு வளர்ந்தவங்க, நேர்ல ஒரு தடவ பாத்துடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க. சரின்னு அம்மா, அண்ணன், மதினி, நான்னு நாலு பேருக்கு கோல்டு டிக்கெட் போட்டோம். ஒண்ணு 2,999, அதுக்கு மேல கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு ஒரு 472, மொத்தம் 12,468 ரூபாய் அண்ணன் கிரெடிட் கார்டுல போச்சு. பார்க்கிங் 150 தனி. உள்ள தண்ணி பாட்டில் கொண்டுபோக விடல, இருபது ரூபா பாட்டில உள்ள அம்பதுக்கு வித்தாங்க, அதெல்லாம் இப்ப பேசி பிரயோஜனம் இல்ல விடுங்க.

டிக்கெட்ல போட்டிருந்தது மாலை 6 மணி. கரெக்ட்டா ஆறு மணிக்கு குத்துவிளக்கு ஏத்துனாங்க, பரவாயில்லையே டயத்துக்கு ஆரம்பிக்கிறாங்களேன்னு நாங்க சந்தோசப்பட்டோம். (இந்தக் குத்துவிளக்க ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.) அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆங்கர் ஒருத்தர் "மதுர சத்தம் பத்தல, இன்னும் சத்தம்"னு கத்துறாரு, நகைக்கடைக்காரருக்குப் பொன்னாடை, ரியல் எஸ்டேட்காரருக்குப் பொன்னாடை, நடுவுல ஒரு டான்ஸ், திரும்ப விளம்பரம். அழகர்மலைப் பக்கம் வானம் கருப்பா ஏறிட்டு வருது, மின்னல் நல்லாவே தெரியுது. அக்டோபர் மாசம் மதுரையில சாயங்காலம் மழை வரும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

ஏழு மணி வாக்குல நான் பாத்ரூம் தேடிப் போனப்ப மிக்ஸர் போர்டு வச்சிருந்த டெண்ட் பக்கமா வந்தேன். அங்க ரெண்டு பசங்க அப்பவே நீலக்கலர் தார்பாய விரிச்சு ஸ்பீக்கர் பெட்டிக்கெல்லாம் கட்டிட்டு இருந்தாங்க. "தம்பி மழை வந்துருமா?"ன்னு சும்மாதான் கேட்டேன். "வரும்க்கா, ஆறரைக்கே சொல்லிட்டோம், நாலு பாட்டாச்சும் போட்டுரணும்னு சொல்லிருக்காங்க"ன்னான். நாலு பாட்டாவது கேக்கட்டும்னு நல்ல மனசுல சொல்றாங்க போலன்னு நெனச்சுட்டு சீட்டுக்கு வந்துட்டேன். என்னைய மாதிரி ஒரு கூமுட்டை உண்டா.

8:20க்கு பாடகர் வந்தாரு. எங்கம்மா எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க, முழங்கால் வலிக்காரங்க, கல்யாண வீட்டுலயே உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டாங்க. நாலு பாட்டு. நிஜமாவே நாலுதான். நாலாவது பாட்டோட ரெண்டாவது சரணத்துல சடசடன்னு ஆரம்பிச்சிருச்சு, மேடையில பாதிக்கு மேல கூரையே இல்ல, கீபோர்டுக்காரர் சட்டையக் கழட்டி கீபோர்டு மேல போட்டாரு, லைட் போச்சு. மணி 8:45.

"பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சிருவோம், யாரும் போயிராதீங்க"ன்னு ஒரே ஒரு அறிவிப்பு. அதோட சரி, அந்த ஆங்கர அப்புறம் யாரும் பாக்கல.

மொதல்ல கூட்டம் கோவமே படல, அதத்தான் சொல்லணும். ஆளாளுக்கு பிளாஸ்டிக் சேர எடுத்துத் தலைக்கு மேல கவுத்துக்கிட்டாங்க, கிரவுண்ட் பூரா சேருக்குக் கால் முளைச்சு நடந்த மாதிரி இருந்துச்சு. யாரோ பழைய பாட்டு ஒண்ண எடுத்துவிட, பக்கத்துல ஒரு நூறு பேரு சேந்து பாட, செல்போன் லைட்ட ஆட்டுறாங்க. அம்மாவும் பாடுனாங்க. 9:20 போல மழை விட்டுருச்சு. சரி வருவாங்கன்னு பாத்தா மேடையில ஒயர சுத்திட்டு இருக்காங்க. அப்பதான் "காசத் திருப்பிக் குடு"ன்னு பின்னாடி இருந்து சத்தம் கிளம்புச்சு. 9:50க்கு ஒரு போலீஸ்காரர் மெகாஃபோன்ல, பத்து மணியோட பர்மிஷன் முடியுது, எல்லாரும் கலைங்கன்னாரு. பின்னாடி சேர் ஒடைய ஆரம்பிச்சிருச்சு, பேரிகேட சாய்ச்சாங்க, நாங்க அம்மாவ நடுவுல விட்டு கையக் கோத்துக்கிட்டு வெளிய வந்தோம். கேட்டு ஒண்ணே ஒண்ணு, சேறு முழங்காலுக்கு. அம்மாவோட ஒரு செருப்பு இன்னும் அங்கதான் கெடக்கு.

அந்தப் பத்து மணி விஷயம் நிஜம்தான், போலீஸ் மேல தப்பு இல்ல. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி வெட்டவெளியில ராத்திரி பத்துலேருந்து காலையில ஆறு வரைக்கும் மைக் செட் கூடாது, வருசத்துல 15 நாளு வரைக்கும் அரசு நெனச்சா பன்னெண்டு மணி வரை விடலாம், அவ்ளோதான். 2023 ஏப்ரல் 30 அன்னைக்கு புனேல ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியவே போலீஸ் மேடை ஏறி நிறுத்துச்சு. அவருக்கே அப்பிடின்னா இது தெரிஞ்சிருந்தும் எட்டு இருவது வரைக்கும் பொன்னாடை போத்திட்டு இருந்தவங்கள என்ன சொல்றது.

ஆறு நாள் கழிச்சு கச்சேரி நடத்துன கம்பெனிகிட்ட இருந்து மெயில் வந்துச்சு. நிகழ்ச்சி மாலை 6 மணிக்கே குத்துவிளக்கேற்றித் தொடங்கி, முதன்மைக் கலைஞரும் பாடிவிட்டதால் இது ரத்தான நிகழ்ச்சி ஆகாது, விதி எண் 11ன் படி ரீஃபண்ட் கிடையாது, ஆனா அடுத்த நிகழ்ச்சிக்கு 20 சதவீதம் தள்ளுபடி உண்டாம். அப்பதான் அந்தத் தம்பி சொன்னது மண்டையில ஏறுச்சு. மழை வரும்னு தெரிஞ்சே நாலு பாட்டு பாட வச்சிருக்காங்க. ஆரம்பிக்காமயே ஒத்திவச்சிருந்தா டிக்கெட் உயிரோட இருந்திருக்கும், ஒண்ணு இன்னொரு நாள் நடத்தணும், இல்ல காசக் குடுக்கணும். 2023 ஆகஸ்ட் 12 சென்னையில ரஹ்மான் கச்சேரி மழையால தள்ளிப்போனப்ப அதே டிக்கெட்டு செப்டம்பர் 10க்கு செல்லும்னுதான் சொன்னாங்க. செப்டம்பர்ல பனையூர்ல கூட்டம் தாங்காம டிக்கெட் வச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம திரும்புனது வேற கதை.

இன்னொன்னு, சேர ஒடைச்சவங்க நமக்கு நல்லது பண்ணல. மெயில்ல மூணாவது பாரா பூரா "பார்வையாளர்களின் ஒழுங்கீனம்"தான். யாழ்ப்பாணம் முற்றவெளியில 2024 பிப்ரவரி 9 ஹரிஹரன் கச்சேரியில கூட்டம் தடுப்பத் தாண்டி நிகழ்ச்சி தடைபட்டப்பவும் பாத்தேன், மறுநாள் ரசிகர்களத்தான் நிறைய பேரு திட்டிட்டு இருந்தாங்க, ஏற்பாடு எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டவங்க கம்மி. அதனால கோவம் வந்தா சேரத் தொடாதீங்க, போன எடுங்க. மேடை, கூரை இல்லாத எடம், மழை விட்ட பிறகு ஒயர் சுத்துறது, எல்லாத்தையும் வீடியோ எடுங்க, பேசும்போதே மணி எத்தனைன்னு சொல்லிட்டே எடுங்க. எங்க அண்ணன் எடுத்த 40 செகண்ட் வீடியோவுல "மணி ஒம்பது இருவத்தி ரெண்டு, மழை இல்ல"ன்னு மதினி சொல்றது கேக்குது, இன்னைக்கு எங்ககிட்ட இருக்கிறதுலயே உருப்படியான சாட்சி அதுதான்.

டிக்கெட் போடும்போது பாக்க வேண்டியது, "தொடங்கிய பின்"னு ஒரு விதி இருக்கா, இருந்தா தொடங்குறதுன்னா அவங்களுக்கு என்ன அர்த்தம்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கி வைங்க. பதில் வரலேன்னா போடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில ஓபன் கிரவுண்டே வேணாம்ங்கிறது என் கருத்து, ஆடிட்டோரியம்னா போங்க.

நாங்க மொதல்ல 1915க்கு போன் பண்ணோம், நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுறாங்க. கச்சேரி நடத்துன கம்பெனி அதே பதினோராவது பாயிண்டத் திருப்பி அனுப்புச்சு. டிக்கெட் வித்த ஆப்புகாரன் ஆர்கனைசரக் கேளுங்கறான், ஆர்கனைசர் ஆப்பக் கேளுங்கறான். இப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டாச்சு, அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம இருக்கிற மாவட்டத்துலயே போடலாம்.

டிக்கெட் பிரிண்ட், கார்டு ஸ்டேட்மெண்ட், மெயில், வீடியோ, கையில கட்டிவிட்ட பேண்ட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். பேண்ட் மட்டும் மூணுதான் இருக்கு. நாலாவத அம்மா அன்னைக்கு ராத்திரியே கத்தரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டுட்டு, ஒத்தச் செருப்பையும் அதுலயே போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க.