படகில் வைக்க மாற்று லேண்டிங் நெட்: ஏர்வாடிக் கடலில் பல சீசன் பழகிய பிறகு

ஏர்வாடிப் பக்கம் மச்சானின் ஃபைபர் படகில் தூண்டிலுக்குப் போகிறவன் நான். கைத்தூண்டிலும் போடுவோம், ராடும் வைத்திருக்கிறோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, புரட்டுகிற மாதங்களில் மண்டபம் வடக்கில், பாக் விரிகுடாவான வடகடலில், தெரிந்தவர் படகில் ஏறிக்கொள்வேன். தூண்டிலில் மாட்டிய மீனைப் படகோரத்தில் கோரி எடுக்கிற கைவலைதான் லேண்டிங் நெட். இந்த இரண்டு கடலிலும் பழைய நெட்டை ஓய்த்துவிட்டு, மாற்று தேடி, கிடைத்ததைப் பல சீசன் புழங்கிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். வாங்கிய வாரத்தில் எல்லா நெட்டும் நன்றாகத்தான் இருக்கும். உப்புத்தண்ணீர் தன் வேலையைக் காட்ட ஒரு வருஷமாவது ஆகும்.

கைவலை எதற்கு, இழுத்து உள்ளே போட்டுவிட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சின்ன விளமீனுக்கு அது சரிதான். நாலைந்து கிலோ பாரைக்குச் சரிவராது. தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனின் பாரம் தூண்டில் நரம்புக்குத் தெரியாது. தலை வெளியே வந்த நொடியில் முழு எடையும், அதோடு மீன் உதறுகிற உதறலும், வாயோரத்துச் சவ்வில் விழும். தூண்டில் முள் குத்திய ஓட்டை அதற்குள் பெரிதாகியிருக்கும். படகோரத்தில் மீன் போவது பெரும்பாலும் இப்படித்தான். கொக்கி போட்டு இழுக்கலாம், ஆனால் சீலாவில் கொக்கிக் குத்து விழுந்தால் ஏலத்தில் விலை இறங்கும். திருப்பிக் கடலில் விடவேண்டிய குட்டிக் கலவாவைக் கொக்கியால் தொடவே கூடாது. விஷமுள் உள்ள ஓராவுக்கும் கெளுத்திக்கும் கையை நீட்டினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பழைய நெட் அலுமினிய வளையம், இழுத்து நீட்டும் கைப்பிடி, முடிச்சுப் போட்ட நைலான் மடி, அதாவது மீன் விழுகிற வலைப்பை. ஆன்லைனில் அதிகம் விற்கிற ரகம். அதில் முதலில் போனது மடி இல்லை, கழுத்து. வளையமும் கைப்பிடியும் சேருகிற இடத்தில் இரும்புத் திருகு போட்டிருந்தார்கள். அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு உப்புத்தண்ணீரில் நனைந்தால், அலுமினியம்தான் தன்னைக் கரைத்துக்கொள்ளும். திருகைச் சுற்றி வெள்ளை மாவு போல ஒன்று பூத்து வரும். அதைத் துடைத்தால் அடியில் உலோகம் குழி குழியாக இருக்கும். இரண்டாவதாகப் போனது நீட்டும் கைப்பிடி. பொத்தானை அமுக்கினால் குழாய் நீளவேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து, உப்புப் படிந்து, நீட்டினால் மடங்காது, மடக்கினால் நீளாது என்று ஆகிவிட்டது. மீன் படகோரம் வந்த பிறகு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது.

மச்சான் அன்றைக்கே சொன்னார்: “வளையம் உடையாது மாப்ள, மடியும் கிழிஞ்சா பொத்திக்கலாம். கழுத்துதான் சாகும். அதப் பாத்து வாங்கு.” மாற்று தேடியதெல்லாம் இந்த ஒரு பேச்சை வைத்துத்தான். கடையில் நெட்டைக் கையில் எடுத்ததும் மடியை விரித்துப் பார்ப்பதுதான் பலருக்கும் பழக்கம். நான் வளையத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறேன். கழுத்தில் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் வைத்துவிடுவேன்.

மடியைப் பற்றியும் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. மூன்று ரகத்தையும் புழங்கியாயிற்று.

முடிச்சு நைலான் மலிவு, பலம் அதிகம், கரையில் வலை பொத்துகிற யாரிடம் கொடுத்தாலும் சரிசெய்து தருவார்கள். ஆனால் மூன்று முள் வைத்த பொய் இரை போடுகிறவர்களுக்கு அது தலைவலி. மீன் உதறியதும் ஒரு முள் வாயில், இரண்டு முள் வலையில் என்று மாட்டிக்கொள்ளும். கெளுத்தி வந்துவிட்டால் இன்னும் மோசம். அதன் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் ரம்பம் மாதிரி பல் இருக்கும். அந்தப் பல்லில் நைலான் இழை ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும், இழுக்க இழுக்க இறுகும். ஒரு கெளுத்தியை எடுக்க மடியை நாலு இடத்தில் அறுக்கவேண்டி வந்திருக்கிறது. முடிச்சுகள் மீனின் மேல் இருக்கும் வழவழப்பையும் செதிலையும் உரசி எடுக்கும். விற்கிற மீனுக்கு அது அழகுக் குறை. திருப்பி விடுகிற மீனுக்கு அந்த வழவழப்புதான் நோய்க்கு எதிரான தோல்.

முழு ரப்பர் மடியில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. முள் வழுக்கி வந்துவிடும், கெளுத்தியைக் கவிழ்த்தால் விழுந்துவிடும். வடகடலில் ரப்பரின் அருமை இன்னும் தெரியும். அங்கே ஆழம் குறைவு, அடியில் கடல்புல், சொறியும் (ஜெல்லிமீன்) சீசனில் நிறைய மிதக்கும். நைலான் வலைக்கண்ணில் சொறியின் நூல் சிக்கினால் காய்ந்த பிறகும் கையில் அரிக்கும், செத்த சொறிக்கும் கொட்டும் சக்தி போவதில்லை. ரப்பரில் ஒரு வாளிக் கடல்தண்ணீரை வீசினால் போய்விடும். ஆனால் ரப்பர் கனம். நீரோட்டம் இருக்கிற இடத்தில், குறிப்பாகப் பாம்பன் பக்கம், முக்கி வைத்திருக்கும்போது கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அடுத்து வெயில். இந்த ஊர் வெயிலில் அணியத்தில், படகின் முன்பக்கத்தில், கிடந்த ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் வெடிப்பு விடும். ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்ணும் தொடர்ந்து போகும், பொத்தவும் முடியாது.

மூன்றாவது ரகம் முடிச்சில்லாமல் நெய்த நைலானுக்கு மேல் ரப்பர் பூச்சுக் கொடுத்தது. இப்போது என் கையில் இருப்பது இதுதான், அடுத்து வாங்கப்போவதும் இதுவே. ரப்பரின் வழுக்கல் முக்கால்வாசி கிடைக்கிறது, கனம் பாதிகூட இல்லை, கிழிந்தால் நூல் போட்டுத் தைக்கலாம். குறையும் உண்டு. மடியின் அடியில், மீன் கிடந்து துடிக்கிற இடத்தில், பூச்சு தேய்ந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் இப்போது முள் மாட்ட ஆரம்பித்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் புதிது போலத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மலிவு மடிகள் நைலான் இல்லை, பாலிஎத்திலீன் நூல். அது தண்ணீரைவிட லேசு, மிதக்கும். வலையை முக்கினால் மடி மேலே உப்பிக்கொண்டு வந்து வளையத்தின் வாயையே அடைக்கும். மீன் அதைப் பார்த்ததும் மறுபடி அடிக்குப் பாயும். நைலான் தண்ணீரைவிடக் கனம், தானாக இறங்கித் தொங்கும். கடையில் கேட்டால் எல்லாமே நைலான் என்றுதான் சொல்வார்கள். ஒரு நுனியை வாளித் தண்ணீரில் முக்கி, காற்றுக் குமிழி போக நசுக்கிவிட்டு, மிதக்கிறதா என்று பாருங்கள், போதும்.

சரி, வளையத்துக்கு வருவோம். கடையில் இருந்தது எதுவும் கழுத்துச் சோதனையில் தேறவில்லை, தேறியதன் விலை கட்டுப்படியாகவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் செய்தோம். எட்டு மில்லிமீட்டர் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி ஒன்றையே வளையமாக வளைத்து, இரண்டு நுனியையும் ஒன்றரை அடிக்கு நேராக நீட்டி விட்டோம். கல் மூங்கில் கைப்பிடியின் இரண்டு பக்கமும் அந்த நுனிகளைப் பதித்து, கணுவுக்குக் கீழே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு ஒரு போல்ட், அதற்கு மேல் நைலான் கயிறு நெருக்கிச் சுற்றி எபாக்சி பூச்சு. கழுத்தில் வெல்டிங்கே கிடையாது. எஸ்எஸ் துருப்பிடிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் வெல்டிங் கறுத்த இடத்தில்தான், அந்த இடமே இல்லாமல் செய்தாயிற்று. இத்தனை சீசனில் கழுத்து ஒரு நூல்கூட அசையவில்லை. கடைசியாகக் கோரிய பெரிய பாரையோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஸ்எஸ் வாங்கும்போது எந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கைப்பிடிச் சுவருக்கும் கேட்டுக்கும் போடுகிற 202 ரகம்தான் பட்டறைகளில் சுலபமாகக் கிடைக்கும். கடலோரத்தில் அது சீக்கிரமே பழுப்பு ஏறிவிடும். 304 ஓரளவு தாங்கும். 316 கிடைத்தால் மறுபேச்சே வேண்டாம், அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு அவ்வளவு சுலபமாக அரிக்காது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்எஸ் என்று கடைக்காரர் காட்டினால் நம்பவேண்டாம். 202-லும் காந்தம் ஒட்டாது. எனக்கு 304 தான் கிடைத்தது. போல்ட்டும் அதே ரகத்தில் போட்டோம்.

வளையத்தின் வாய் இரண்டு அடி, மடியின் ஆழம் இரண்டரை அடி. வாயைவிட ஆழம் முக்கியம் என்பது என் கருத்து. சீலா நீளமான மீன், எந்த வட்டத்திலும் படுக்கவைத்து எடுக்க முடியாது. தலை உள்ளே போனால் மடியின் அடியில் மடங்கிக்கொள்ளவேண்டும். ஆழமில்லாத மடியில் வால் வெளியே நிற்கும், ஒரு உந்து உந்தினால் போய்விடும். கைப்பிடி நாலரை அடி. எங்கள் படகில் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீரைத் தொட இது சரியாக இருக்கிறது.

மூங்கில் மிதக்கும், ஆனால் இந்தக் கம்பியோடு சேர்ந்து மிதக்காது. கைப்பிடியின் கடைசியில் வலை மிதவைகளைக் கட்டி, கரையோரத் தண்ணீரில் போட்டு, கைப்பிடி நட்டுக்குத்தாக மேலே நிற்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டினோம். இதை விட்டுவிடாதீர்கள், கை தவறினால் மொத்தமும் அடிக்குப் போகும்.

மடியைக் கம்பியில் நேராகக் கோத்தால் படகின் விளிம்பில் உரசி உரசி மேல் கண்கள் அறுந்துபோகும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிக் கம்பிக்கு உறையாகப் போட்டு, அதற்கு உட்பக்கமாகக் கயிற்றில் மடியைத் தொங்கவிட்டிருக்கிறோம். கயிற்றை அவிழ்த்தால் மடி தனியாக வந்துவிடும். மடி தேய்ந்தால் மடியை மட்டும் மாற்றலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம். கடை நெட்டில் மடியை வளையத்தோடு சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். மடி போனால் எல்லாம் போச்சு.

எந்த நெட்டானாலும் தூக்குகிற விதத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. மீனைத் துரத்திக்கொண்டு வலையை வீசக் கூடாது. வலை முன்னாலேயே தண்ணீருக்குள் சாய்ந்து இருக்கவேண்டும், நரம்பைப் பிடித்திருப்பவர் மீனின் தலையை அதற்குள் நடத்திக்கொண்டு வரவேண்டும். பின்னாலிருந்து வால் பக்கம் வலையைப் போட்டால் மீன் முன்னால் பாயும், அவ்வளவுதான். உள்ளே வந்ததும் கைப்பிடியை நட்டுக்குத்தாக நிமிர்த்தி நேராக மேலே இழுங்கள். கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்து நெம்பித் தூக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். மீனின் பாரம் முழுவதும் கழுத்தில் ஏறுவது அப்போதுதான். பெரிய மீனாக இருந்தால் கைப்பிடியை விட்டுவிட்டு வளையத்தையே இரண்டு கையால் பிடித்துத் தூக்குவோம்.

திருப்பி விடுகிற மீனென்றால் வலையை முதலிலேயே நனைத்துக்கொள்ளுங்கள், படகுக்குள் கொண்டுவராமல் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் வளர்ந்து வெளியே வருகிற மீனைத்தான் நாம் பிடிக்கிறோம். குட்டிக் கலவா உயிரோடு திரும்பிப் போகவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

பராமரிப்பு சுருக்கம்தான். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வருவது, அதில் நெட் கழுவ யாருக்கும் மனசு வராது. கழுத்துக்கும் போல்ட்டுக்கும் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன், மடியைக் கிணற்று உவர்த்தண்ணீரில் அலசுகிறேன். காய்வது நிழலில். நைலானோ ரப்பரோ, இரண்டையும் கெடுப்பது உப்பைவிட வெயில்தான்.

விசைப்படகிலிருந்து தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த அளவு உதவாது. தளம் உயரம், கைப்பிடி எட்டு அடியாவது வேண்டும், அவ்வளவு நீளத்துக்குக் கல் மூங்கில் கனத்துவிடும். அவர்கள் தடித்த ஃபைபர் குழாயைப் பார்க்கலாம், ஆனால் கழுத்தை இதே மாதிரி இரண்டு பக்கமும் நீளக் கம்பி விட்டுத்தான் கட்டவேண்டும். வடகடல் வத்தைப் படகில் போகிறவர்களுக்கு மூன்றரை அடியே போதும், மடியும் கொஞ்சம் ஆழம் குறைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அடிப்புல்லை வாரிக்கொண்டு வரும். என் மடியின் அடிப்பகுதி இந்த வாடைக்காற்றுக் காலத்தைத் தாண்டாது என்று நினைக்கிறேன். அடுத்த மடிக்கு, அடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு முழு ரப்பர் வலை, மேலே பூச்சு நைலான் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.