மாதம் 25 வெள்ளிக்கு ‘ஸ்டாட்டிக் ஐபி’ விற்கிறவர்களிடம் உஷார்

வீட்டுக் கணினியிலேயே வலைத்தளம் நடத்துகிறவர்கள், அதுவும் செட்டப் வேலைக்கு வெளியாளை வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள்.

நான் சிங்கப்பூர் ஈசூனில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகள் கேட்டுப் பழக ஒலிப்பதிவுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, பழைய கணினி ஒன்றும் சும்மா கிடந்தது. அதையே சர்வராக, அதாவது தளத்தை வைத்து வழங்கும் கணினியாக, மாற்றித் தருகிறேன் என்று தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். டாட் எஸ்ஜி (.sg) என்று முடியும் தளப் பெயரும் சேர்த்து 380 வெள்ளி.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் தளம் திறக்கவில்லை. “சர்வர் கோளாறு அக்கா” என்று வந்து எதையோ தட்டிவிட்டு 60 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். ரௌட்டர் அணைந்து எரிந்தால் போதும், பெரும்பாலும் அதே கதை, அதே 60. கடைசியில் அவரே வழியும் சொன்னார்: “ஸ்டாட்டிக் ஐபி போட்டுடலாம் அக்கா. மாசம் 25 வெள்ளிதான், என்கிட்டயே கட்டிடுங்க.”

விஷயம் இதுதான். இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி; அது மாறாமல் இருந்தால் ஸ்டாட்டிக் ஐபி. வீட்டு இணைப்புக்குத் தரப்படும் ஐபி முகவரி பொதுவாக நிலையானது இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாறலாம். இவர் அன்றைக்கு இருந்த எண்ணை டொமைன் பதிவில், அதாவது தளப் பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், கையால் எழுதி வைத்துவிட்டார். எண் மாறியதும் என் தளத்தின் பெயர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண் அதற்குள் இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு மாணவியின் அம்மா, “டீச்சர், உங்க பக்கத்தைத் திறந்தா யாரோ வீட்டுக் கேமரா பாஸ்வர்ட் கேக்குது” என்று போன் செய்தார். அதையும் ‘வைரஸ்’ என்று சொல்லி ஒரு 60 போனது.

சரி, 25 வெள்ளி கட்டிய பிறகாவது ஸ்டாட்டிக் ஐபி வந்ததா? இல்லை. அவர் போட்டது இலவச டைனமிக் டிஎன்எஸ். கணினியில் ஒரு சின்ன நிரல் ஓடும். எண் மாறினால் அதுவே புது எண்ணைச் சொல்லிவிடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு இல்லாமல் கிடைப்பது. அவர் எடுத்த சேவையில் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் உறுதி செய்யாவிட்டால் பெயர் போய்விடும். அந்த மின்னஞ்சல் அவருக்குத்தான் போனது. ஆகஸ்ட்டில், வாய்மொழித் தேர்வு நெருங்கும் நேரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் வந்து ரௌட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது அங்கேதான். தளத்துக்கு 80, 443 என்ற இரண்டு போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்கள், திறந்தாலே போதும். அந்த ஆள் ரௌட்டரில் டிஎம்இசட் என்ற அமைப்பைப் போட்டு, மொத்தக் கணினியையும் இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார். கதவைத் திறக்கச் சொன்னதற்குச் சுவரை இடித்த மாதிரி. வெளியிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389-உம் திறந்தே கிடந்தது. உள்ளே நுழைய முயன்றவர்களின் பதிவு பக்கம் பக்கமாக ஓடியது. காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். பிள்ளைகளின் குரல் பதிவுகள் இருக்கும் கணினி அது.

உங்கள் வீட்டில் இப்போதே பாருங்கள். ஸ்டாட்டிக் ஐபி நிஜமாகவே வாங்கியிருந்தால் அது இணைய நிறுவனத்தின் பில்லில் இருக்கும். இடையில் ஒருவர் தன் பேநவ் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ரௌட்டர் காட்டும் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறீர்கள்; போர்ட் திறந்தும் பயனில்லை. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு யாராவது காசு கேட்டால், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள்.

இப்போது கிளவுட்ஃபிளேர் டனல் போட்டிருக்கிறோம்; நம் கணினியே வெளியே போய் அந்த நிறுவனத்தோடு இணைந்துகொள்ளும், பார்வையாளர்கள் அதன் வழியாக வருவார்கள். ரௌட்டரில் ஒரு போர்ட்டும் திறக்கவில்லை, எண் மாறினாலும் கவலை இல்லை. பயனீட்டாளர் சங்கமான கேஸில் புகார் கொடுத்தாகிவிட்டது. சரிவராவிட்டால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

பழைய டாட் எஸ்ஜி பெயர் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதைத் தன் பெயரில் பதிந்து, அரசு மின் அடையாளமான சிங்பாஸிலும் தன்னுடையதையே வைத்துச் சரிபார்த்திருக்கிறார். மாற்றித் தர 200 வெள்ளி கேட்கிறார். கொடுப்பதாக இல்லை, புதுப் பெயர் வாங்கிப் பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.