பட்டுக்கோட்டை வீட்டில் 5 கேவிஏ ஜெனரேட்டர்: பொருத்தித் தந்தவர்களின் வேலை எப்படி இருந்தது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. மாடித் தொட்டியை நிரப்புவதற்கு வாடகை ஜெனரேட்டர்கள் வீடு வீடாக வந்த நாட்கள் அவை. பக்கத்து வீட்டில், இரு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைக் கொண்டு ஜெனரேட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். மெயினை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த லைன்மேன் ஒருவர், கம்பத்தில் கை வைக்கும் முன் சோதித்துப் பார்க்கும் வழக்கம் உடையவர் என்பதால் மட்டுமே அன்று தப்பினார். வீட்டிலிருந்து அப்படி வெளியேறும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்விட்டால் மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டாக ஏறும்.

ஆகவே, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அம்மாவின் மூச்சுக்குத் தரும் கான்சென்ட்ரேட்டரை நினைத்து நாங்களும் ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கியபோது, இயந்திரத்தைவிட அதைப் பொருத்துபவர் யார் என்பதையே அதிகம் விசாரித்தேன். இந்த மதிப்புரையும் அந்த வேலையைப் பற்றியதுதான். வேலையில் ஒரு பெரிய பிழை இருந்தது, அதை அவர்களே சரிசெய்தும் கொடுத்தார்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் வந்த உள்ளூர் எலக்ட்ரீஷியன், மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸை மட்டும் சுவிட்ச்சில் மாற்றினால் போதும், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலை நேராக இணைத்துவிடலாம் என்றார். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் மின்வாரியத்தின் நியூட்ரலும் ஜெனரேட்டரின் நியூட்ரலும் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும், வீடு மின்வாரியக் கம்பியிலிருந்து முழுதாகப் பிரியாது. இரண்டாவதாக வந்த இந்த நிறுவனத்தார், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் 40 ஆம்பியர் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சைத் தவிர வேறெதையும் போட மாட்டோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அதன் கைப்பிடி ஒரு பக்கம் மின்வாரியம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டுமில்லை என்ற மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும். இரண்டும் சேர்வதற்கு இயந்திர அமைப்பிலேயே வழியில்லை. எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான்.

கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் வைத்தால் மழை படாது என்று நான் கேட்டதற்கும் அவர்கள் இணங்கவில்லை. ஜெனரேட்டரை மூடியிருக்கும், ஒலி தடுக்கும் கேனபி என்ற கூடு புகையைத் தடுக்காது. டீசல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை, படுக்கையறை ஜன்னல் வழியாக நுழைந்தாலும் தூங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே கொல்லைப்புறத்தில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி, மழைநீர் ஏறாதபடி ஒன்றரை அடி உயரத்தில் கான்கிரீட் மேடை எழுப்பினார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, புகைக்குழாயின் உயரம் கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டியதாக இருக்க வேண்டும். 5 கேவிஏவுக்கு அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அரை மீட்டருக்குக் குழாயைக் கொண்டுபோய், கை படும் உயரம் வரை கண்ணாடிக் கம்பளி சுற்றிக் கொடுத்தார்கள்.

இனி அந்தப் பிழை. வேலை முடிந்த அன்று ஜெனரேட்டரை ஓட்டி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினார்கள். டப்பென்று விழுந்தது. எல்லாம் சரி என்று கையெழுத்து வாங்கப் போன நேரத்தில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா, ஒரு ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, அதன் ஒரு வயரை ஃபேஸிலும் மறு வயரை எர்த்திலும் வைக்கச் சொன்னார். மின்வாரிய மின்சாரத்தில் வைத்தபோது ஆர்சிசிபி உடனே விழுந்தது. ஜெனரேட்டரில் வைத்தபோது பல்பும் எரியவில்லை, ஆர்சிசிபியும் அசையவில்லை.

காரணம் எளிது. ஜெனரேட்டரின் நியூட்ரலை அவர்கள் எர்த்தோடு இணைக்கவே இல்லை. கசியும் மின்சாரம் மண் வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்பப் பாதை இல்லாவிட்டால், ஆர்சிசிபிக்குக் கசிவு என்ற ஒன்றே தெரியாது. டெஸ்ட் பட்டனோ தன் உள்ளேயே ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைத்துப் பார்ப்பது. எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். பட்டன் விழுந்ததைப் பார்த்து நாங்கள் நிம்மதியடைந்தது வீண் நிம்மதி. (மாமா செய்த சோதனையைத் தொழில் தெரியாதவர்கள் செய்து பார்க்கக் கூடாது, உரிமம் பெற்றவரிடம் செய்யச் சொல்லுங்கள், எதிரில் நின்று பாருங்கள்.)

மறுநாள் வந்து, இயந்திரத்தின் உடலுக்கென்று தோண்டிய இரண்டு எர்த் குழிகளோடு நியூட்ரலுக்கென்று தனியாக இன்னொன்று தோண்டி, கரியும் உப்பும் இட்டு, மீட்டர் வைத்து அளந்து இணைத்தார்கள். மீண்டும் பல்பை வைத்தவுடன் ஆர்சிசிபி விழுந்தது. கூடுதலாகக் காசு கேட்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஆனால் மாமா இல்லாதிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒப்படைப்புப் படிவத்தில் டெஸ்ட் பட்டனுக்கு மட்டுமே கட்டம் இருந்தது.

மற்றபடி 1 எச்பி மோட்டார், ஃபிரிட்ஜ், விளக்குகள், கான்சென்ட்ரேட்டர் எல்லாவற்றையும் இயந்திரம் தாங்குகிறது. மோட்டார் புறப்படும்போது சாதாரண ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுப்பதால், அதை முதலில் போட்டுவிட்டு மற்றவற்றைப் பிறகு போடச் சொன்னார்கள். வரிசை மாறினால் விளக்குகள் மங்குகின்றன. ஏசிக்கு இதில் இடமில்லை என்பதை விற்கும்போதே ஒளிக்காமல் சொன்னார்கள். மேடை, குழிகள், கேபிள், சுவிட்ச், புகைக்குழாய் எல்லாம் சேர்த்துப் பொருத்துக்கூலி 52,000 ரூபாய் ஆயிற்று. இயந்திரத்தின் விலை தனி. எங்கள் ஊருக்கு இது அதிகம்தான், ஆனாலும் நான் பேரம் பேசவில்லை.

இன்னொரு சிறு குறையும் உண்டு. சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சின் முகத்தில் ஒன்று, பூச்சியம், இரண்டு என்ற குறிகள் மட்டுமே இருந்தன. இரவில் நான் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தமிழில் எழுதிய ஒட்டி கேட்டேன், அனுப்புகிறோம் என்றார்கள், வரவில்லை. கடைசியில் என் மனைவி சிவப்பு நகப்பூச்சால் மேலே "கரண்ட்" என்றும் கீழே "ஜெனரேட்டர்" என்றும் எழுதிவைத்திருக்கிறாள்.